அடுக்குப் பார்க்காமல் அரங்கேற்றாதீர்கள்

மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் உண்மைக் கதை தேடி வருகிற இயக்குநர்களுக்கும், பாட்டெழுதுகிறவர்களுக்கும், இசையமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். கொழும்பிலிருந்து வருகிறவர்கள், சென்னையிலிருந்து வருகிறவர்கள், ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் விடுமுறைக்கு வந்த கையோடு கமெராவையும் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், எங்கள் ஊர்ப் பொடியன்மார், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கல்லடியில் சவுண்ட் செற் வாடகைக்கு விடுகிறவன். பாலத்தடியில் ஷூட்டிங் என்றால் ஜெனரேட்டருக்கு என் கடைக்கு வந்திருப்பீர்கள். அப்பா மத்தளக்காரர். நான் மத்தளம் பழகவில்லை, கூத்துக்கு மைக் கட்டப் பழகினேன். இரவிரவாகக் களரி ஓரத்தில் வயரைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்து எனக்குக் கிடைத்த புத்தியைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அதற்கு முன் என் மாமியின் கதை.

மாமி என்றால் அப்பாவின் தங்கச்சி. 2004 வரைக்கும் நாவலடியில் இருந்தா. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கலாய் ஒரு மணல்திட்டு, அதுதான் நாவலடி. டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள். கடல் எழும்பி வந்தபோது மற்றப் பக்கம் ஓடினால் அங்கேயும் தண்ணீர்தான். மாமியின் இளையவள் அன்றைக்குப் போனவள். ஒன்பது வயது. மாமி இப்போது திராய்மடுவில், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டில் மகனோடு இருக்கிறா.

சில வருடங்களுக்கு முன் குறும்படம் எடுக்க ஒரு குழு வந்தது. மாமியிடம் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். இதைச் சொல்லாமல் விட்டால் என் மடலும் பொய்யாகிப் போகும். மூன்று நாள் பின்னேரம் பின்னேரமாய்ப் போய் இருந்தார்கள். மாமி தேத்தண்ணி கொடுத்தா. எங்களுக்கே அதுவரை வாய் திறந்து சொல்லாத ஒன்றை அவர்களுக்குச் சொன்னா.

அன்று காலையில் புட்டுக்கு மா குழைத்து வைத்துவிட்டுத் தேங்காய் துருவப் பார்த்தால், திருவலையின் பல் கழன்று கிடந்திருக்கிறது. "ஓடிப்போய்ப் பெரியம்மாட்ட திருவலைய வாங்கிட்டு வா புள்ள" என்று இளையவளை அனுப்பியிருக்கிறா. பெரியம்மா வீடு நாலு வளவு தள்ளி, கடற்கரைப் பக்கம். அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு மாமிக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் தண்ணீர்.

படம் வந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு கலியாண வீட்டில் மருமகன் முறையான ஒருவன் போனை நீட்டி, "மாமி, இது உங்கட கதையாமே" என்று காட்டினான். தொடக்கத்தில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: 'உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது.' மாமியாக நடித்த பிள்ளை காலை எட்டு மணிக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தோசை சுடுகிறா. பேசுகிற தமிழ் யாழ்ப்பாணமும் இல்லை, மட்டக்களப்பும் இல்லை, இந்தியக் கரையில் இருக்கிற மண்டபம் என்ற ஊரிலிருந்து தோணியேறி நடுக்கடலில் நின்றுபோன ஒரு தமிழ். மாமி முதலில் சிரித்தா. "நான் எப்ப மனே தோச சுட்ட? நைற்றியோட நிண்டு புட்டுக்கு மாவெல்லோ குழைச்ச" என்றா.

பிறகு அலை வருகிறது. தாயும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். தண்ணீர் இழுக்கிறது. மெல்ல, விரல் விரலாக, மகளின் கை தாயின் கையிலிருந்து கழன்று போகிறது. வயலின் அழுகிறது. திரை கறுக்கிறது. மாமி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பந்தியில் போய் இருந்தா. ஒன்றும் பேசவில்லை.

அந்த வருடமே ஆரையம்பதியில் ஒரு செத்த வீடு. முன்பின் தெரியாத ஒரு பெண் மாமிக்குப் பக்கத்தில் வந்து இருந்து, பாவப்பட்டுத்தான் கேட்டா: "நீங்கதானே அந்தப் படத்துல வாற அம்மா? புள்ளட கைய எப்பிடி விட்டீங்க?"

மாமி கையை விடவில்லை. பிடித்திருக்கவே இல்லை. அதுதான் அவவின் துக்கம். தானே அனுப்பினேன் என்ற ஒரு துக்கத்தைப் பல வருடம் சுமந்தவவுக்கு, செய்யாத ஒன்றைக் கொண்டுவந்து மேலே ஏற்றிவிட்டீர்கள். இப்போது இரண்டையும் சுமக்கிறா.

நான் அந்த இயக்குநருக்குப் போன் எடுத்தேன். "அண்ணா, திருவலைய வச்சு எப்படி சீன் எடுக்கிறது? பார்க்கிறவனுக்கு ஒரு விஷுவல் வேணும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. வரும்போதெல்லாம் மாமிக்குப் பணிசும் பழமும் வாங்கிக்கொண்டு வந்தவர். ஆனால் ஒன்று: மாமி வீட்டில் இன்றைக்கும் திருவலை கிடையாது. மருமகள் பக்கத்து வீட்டில் போய்த்தான் துருவிக்கொண்டு வருவா. அந்த மூன்று நாளும் கமெரா அந்தக் குசினிக்குள்தான் நின்றது.

இனிக் கூத்து. வடமோடியோ தென்மோடியோ, எங்கள் பக்கத்தில் கூத்துப் பழக்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் சட்டம் கொடுப்பார்கள், ஆருக்கு எந்தப் பாத்திரம் என்று. மாதக்கணக்காகப் பழக்கம். பிறகு சதங்கை அணிவது. அதன் பிறகு அரங்கேற்றமா என்றால் இல்லை, அதற்கு முந்தி அடுக்குப் பார்த்தல் என்று ஒன்று இருக்கிறது. முழுக் கூத்தையும் ஊர் முன்னால் ஒருதரம் ஆடிப் பார்ப்பது. ஊர்ப் பெரியவர்கள் இருப்பார்கள், வேறு ஊர்களில் கூத்துப் பழக்குகிற அண்ணாவிமாரும் வருவார்கள். தாளம் பிசகினால் சொல்லுவார்கள், பாட்டில் ஒரு சொல் மாறினாலும் விடமாட்டார்கள். ராசா வேசம் போட்டவன் ஊரில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அன்றைக்குப் பேச்சு வாங்கத்தான் வேண்டும். அதெல்லாம் திருத்தின பிறகுதான் அரங்கேற்றம்.

இத்தனைக்கும் அங்கே ஆடப்படுவது பாரதக் கதையும் இராமாயணக் கதையும். கர்ணனின் சொந்தக்காரர் எவரும் வந்து "எங்கட ஆள் அப்படிச் சொல்லல்ல" என்று சண்டை பிடிக்கப் போவதில்லை. அதற்கே அவ்வளவு பயம் வைத்திருக்கிறார்கள். உயிரோடு திராய்மடுவில் இருக்கிற ஒரு மனுசியின் கதைக்கு அடுக்குப் பார்க்க உங்களுக்கு ஒரு பின்னேரம் கிடைக்காமல் போய்விட்டது.

எங்கள் அம்மம்மா ஒரு புயல்பாட்டு வைத்திருந்தா. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியைப் பற்றி. அதை அனுபவித்தவர்கள் இப்போதும் வயதைக் கணக்குப் பார்ப்பது 'புயலுக்கு முந்தி, புயலுக்குப் பிந்தி' என்றுதான். அம்மம்மா கும்மி மெட்டில் பாடுவா. கடவுளே, காற்றே என்று பொதுவாய் அழுகிற பாட்டில்லை அது. ஆர் வீட்டுக் கூரை எந்த வளவில் போய் விழுந்தது, எத்தனை தென்னை சரிந்தது, எந்த மாடு எந்தக் குளத்தில் மிதந்தது என்று கணக்குப்பிள்ளை மாதிரி வரிசையாய் வரும். பாடிக்கொண்டு போகையில் பக்கத்து வீட்டுக் கிழவி வேலிக்கு அங்காலிருந்து குரல் கொடுப்பா: "அது அவங்கட மாடில்லகா, அவங்கட அண்ணன்ட மாடு." அம்மம்மா அந்த வரியைத் திருத்தி மறுகா பாடுவா. இப்படித் திருத்தித் திருத்தியே அந்தப் பாட்டு எனக்கு ஒரு பத்துப் பன்னிரண்டு விதமாய்ப் பாடம். உண்மைக் கதை என்றால் எனக்கு அந்த வேலிதான் ஞாபகம் வரும். பிழை விட்டால் கேட்கிறதுக்கு அங்கால் ஆள் இருக்க வேண்டும். உங்கள் படங்கள் கொழும்பு மண்டபத்திலும் வெளிநாட்டு விழாக்களிலும் ஓடும்போது வேலிக்கு அங்கால் ஒருவரும் இல்லை. கை தட்டுகிறவர்களுக்கு எது ஆர் மாடு என்று தெரியாது.

கதை பெருத்துப் போவது எப்படி என்பதற்கு உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். சுனாமியின்போது கல்முனையில் கண்டெடுத்த ஒரு கைக்குழந்தை. அன்று ஆஸ்பத்திரியில் சேர்த்த 81ஆவது ஆள் என்பதால் 'பேபி 81' என்று உலகம் முழுக்கப் பேர் போனது. ஒரு பிள்ளைக்கு ஒன்பது தாய்மார் உரிமை கேட்கிறார்கள் என்று செய்தி. யோசித்துப் பாருங்கள், ஒன்பது தாய்மார்! சினிமாக்காரர் ஒருவர் தானாக எழுதினாலும் இப்படி ஒன்று வாய்க்காது. ஆனால் முறையாக உரிமை கேட்டு நீதிமன்றம் போனது ஒரே ஒரு தாயும் தகப்பனும்தான். 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை முடிவு வந்து, அவர்களுடைய பிள்ளைதான் என்று உறுதியாகிக் கொடுத்தார்கள். சொந்தப் பிள்ளையைக் கையில் வாங்க ஏழு கிழமை அலைந்த அந்த இரண்டு பேரின் கதைதான் உண்மை. அதை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? ஒன்பது என்ற எண்ணிக்கையைக் கேட்டால் எல்லோரும் சொல்லுவார்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் செத்த நாள் அது. அதற்கு மேலும் ஒரு பரபரப்பு வேண்டியிருந்திருக்கிறது.

பாட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. யுத்த காலத்தில் காணாமல் போனவர்களைப் பற்றி இளம் பொடியன்மார் ராப் பாடுகிறீர்கள், நல்லது. சில பாட்டு எனக்கும் பிடிக்கும், கடையில் ஸ்பீக்கர் பார்க்கிறதுக்கு அதைத்தான் போடுகிறேன். ஆனால் ஒரு பாட்டு வீடியோவில் நடந்ததைக் கேளுங்கள். மட்டக்களப்பு நகரத்துக் காந்தி பூங்காவில் தாய்மார் பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதை எடுத்து, அதில் ஒரு படத்தைத் தனியாய் வெட்டி, பெரிதாக்கி, மாலை போட்டு, முன்னால் குத்துவிளக்கும் ஏற்றியிருந்தார்கள், கொம்பியூட்டரில்தான். அந்தத் தாய் எங்களுக்குத் தெரிந்தவ. மகனுக்கு எட்டுச்செலவு செய்யாதவ, திதி கொடுக்காதவ, படத்துக்கு ஒரு பூக்கூட வைக்காதவ. பூ வைத்தால் செத்துப்போனான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்றுதான் இத்தனை வருடம் வெறும் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறா. அவவிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. வீடியோவை எடுக்கச் சொல்லி ஆள் அனுப்பினோம். எடுத்தார்கள், ஆனால் அதற்குள் அது எங்கெல்லாமோ போய்விட்டது.

இன்னொரு சங்கதி. இதை எழுதினால் சிலர் என்னோடு கோவிப்பார்கள், பரவாயில்லை. 1990. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமிருந்தவர்களில் 158 பேரைச் செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. திரும்பி வரவில்லை. நாலு நாளில் சத்துருக்கொண்டான் படுகொலை. இவற்றைப் படமாக எடுக்க ஆள் வருகிறார்கள், வரத்தான் வேண்டும். ஆனால் அதற்கு ஒரு மாதம் முந்தி, ஓகஸ்ட் 3 இரவு, முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசலுக்குள் தொழுதுகொண்டு நின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சுட்டார்கள். சின்னப் பிள்ளைகளும் அதில். நான் பார்த்த ஒரு தமிழ்ப் படத்திலும் இது வரவில்லை. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும், சுட்டவர்கள் தமிழ் பேசினவர்கள். தமிழ் ஊரான ஆரையம்பதியையும் காத்தான்குடியையும் பிரிக்கிறது ஒரு ஒழுங்கை. அந்த ஒழுங்கையோடு கமெராவை நிறுத்திவிட்டு 'மட்டக்களப்பின் உண்மைக் கதை' என்று பேர் போடாதீர்கள். ஆரையம்பதியின் உண்மைக் கதை என்று போடுங்கள், அது சரி.

எங்கள் கையைக் கட்டிப்போடப் பார்க்கிறாயா, கற்பனையே வேண்டாமா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் யாழ்ப்பாணத்தவர், பேராதனையில் படிப்பித்தவர். எங்கள் கூத்தை எடுத்து விடிய விடிய ஆடுகிறதைச் சுருக்கி மேடைக்கு ஏற்றினார். 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்'. அமிர்தகழி மௌனகுரு அதில் இராவணனாக ஆடினவர். வில்லன் என்று ஊருக்குத் தெரிந்த இராவணனை வேறு மாதிரிக் காட்டினார்கள். கற்பனைதானே? ஆர் கோவித்தது? ஆனால் அவர் எப்படிச் செய்தார் என்று பாருங்கள். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிட்டு, அவரிடம் பழகித்தான் செய்தார். பேராசிரியர் மாணவரோடு நின்று அண்ணாவியாரின் சொல் கேட்ட இடம் அது. நீங்கள் வேண்டிய மாதிரிக் கற்பனை செய்யுங்கள். கை நழுவட்டும், வயலின் அழட்டும். அந்தக் கறுப்புத் திரையில் 'உண்மைச் சம்பவம்' என்று எழுதாமல் செய்யுங்கள். எழுதுகிறதென்றால் அடுக்குப் பாருங்கள்.

சத்தம் பற்றியும் ஒரு வார்த்தை, அது என் தொழில் என்பதால். மட்டக்களப்பில் எடுக்கிற படங்களில் தவறாமல் ஒரு ட்ரோன் ஷொட் இருக்கும். கல்லடிப் பாலம், கீழே வாவி, 'மீன் பாடும் தேன்நாடு' என்று ஒரு குரல், பின்னால் புல்லாங்குழல். மீன் பாடுகிற சத்தம் மட்டும் இருக்காது. பூரணை இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மற்ற நுனியில் காதை வைத்தால் கேட்கும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் இதை நீரரமகளிரின், அதாவது தண்ணீர்த் தேவதைகளின், பாட்டாகவே பாடியிருக்கிறார். பாடியதோடு விடவில்லை, இராத்திரியில் தோணியில் போய்க் கேட்ட மனிதர் அவர். 1954இல் இங்கே படிப்பித்த யேசுசபைத் துறவி லாங் அடிகளார் அந்தச் சத்தத்தைப் பதிவுசெய்து, அது இலங்கை வானொலியில் போனது. அந்தக் காலத்து மெஷினை வைத்துக்கொண்டு அவர் பிடித்ததை இந்தக் காலத்து மைக்கை வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் பிடிக்கவில்லை? புல்லாங்குழல் வலு இலேசு, அதனால்தான். மாமியின் திருவலையை விட்டுக் கையைப் பிடித்ததும் அதே கதைதான்.

காசைப் பற்றி நீட்டப் போவதில்லை. பரிசுப் பணம் கிடைத்தால் ஒரு பங்கைக் கதைக்குரியவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கோயில் உண்டியலில் போடுகிற மாதிரி இல்லை, கூலி மாதிரி.

இனி நான் செய்யக்கூடியது. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் எந்த ஊர்க் கதையை எடுத்தாலும், வெளியிடுவதற்கு முந்தி அந்த ஊரில் ஒரு பின்னேரம் போட்டுக் காட்ட ஸ்கிரீன், புரொஜெக்டர், சவுண்ட் எல்லாம் என் கடையிலிருந்து தருவேன். வாடகை வேண்டாம். பொத்துவில் என்றாலும் லொறியில் ஏற்றிக்கொண்டு வருவேன். ஜெனரேட்டருக்கு டீசல் மட்டும் நீங்கள் அடியுங்கள். கதைக்குரியவருக்கு முன்வரிசையில் கதிரை. படம் முடிந்ததும் மைக் முதலில் அவர் கைக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. எடிற் பண்ணுகிற பொடியனையும் லப்டொப்போடு கூட்டிக்கொண்டு வாருங்கள். திருத்தச் சொன்னால் அங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

மாமியிடமும் கேட்டேன், அந்தப் படத்தைத் திருத்திக் கொண்டுவந்து காட்டினால் வந்து பார்ப்பீங்களா என்று. கொஞ்ச நேரம் யோசித்தா. "அந்தத் தோசைய எடுக்கச் சொல்லு மொதல்ல. மறுகா பாப்பம்" என்றா.

நாள் பற்றி ஒரு குறிப்பு. நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை, வெளியில் ஸ்கிரீன் கட்டேலாது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு, என் செற் ஒன்றும் கடையில் இருக்காது. மற்றபடி எந்த நாளும் வசதி. டிசம்பர் 26ஐக் கேட்டு நிறையப் பேர் போன் எடுக்கிறீர்கள், அந்தத் திகதியில் வெளியிட்டால் எடுபடுமாம். அன்றைக்குக் கடை பூட்டு.

இப்படிக்கு,
கல்லடியில் சவுண்ட் செற் வைத்திருக்கிற ஒருவன்